கீழ்த்தளக் குறிப்புகள்

தங்கவயல்காரர்களுக்கு ஆழம் என்பது அடிக்கணக்கில் பேசும் விஷயம். சாம்பியன் ரீஃப் சுரங்கம் மூன்று கிலோமீட்டருக்கும் கீழே போனது, அடியில் பாறைச் சூடு 60 டிகிரி செல்சியஸைத் தாண்டியது, மேலிருந்து குளிர்காற்றை அனுப்பித்தான் ஆட்களை அங்கே நிற்க வைத்தார்கள் என்று டீக்கடை பெஞ்சில் உட்கார்ந்திருக்கும் எந்தப் பெரியவரும் சொல்வார். அதே பெரியவரிடம் வயிற்றைப் பற்றிக் கேட்டால் "கேஸு" என்று முடித்துவிடுவார். நெஞ்செரிச்சல், உப்புசம், முறுக்குவலி, காலையில் வெளியே போகாதது எல்லாம் அந்த ஒரு கணக்கில் அடங்கிவிடும்.

கொஞ்ச காலமாக அந்த இன்னொரு ஆழத்தைப் பற்றிப் படித்துக்கொண்டிருக்கிறேன். குடலில் செரோட்டோனின் என்ன செய்கிறது, அதை வாங்கிக்கொள்ளும் ஏற்பிகள் எங்கே இருக்கின்றன என்று. படித்ததை அவ்வப்போது எழுதி வைத்தவை இவை. வரிசை எதுவும் இல்லை.

*

உடம்பிலுள்ள செரோட்டோனினில் பத்தில் ஒன்பது பங்குக்கும் மேல் குடலில் இருக்கிறது. குடலின் உட்சுவரில், நூறு செல்லுக்கு ஒன்றுகூடத் தேறாத ஒரு சிறுபான்மைச் செல் அதைத் தயாரிக்கிறது. என்டெரோகுரோமாஃபின் செல் என்று பெயர். பருப்பிலும் கறியிலும் முட்டையிலும் வரும் டிரிப்டோஃபான் என்ற அமினோ அமிலம் அதற்கு மூலப்பொருள். மூளையும் செரோட்டோனின் செய்கிறது. தனக்கு வேண்டியதைத் தன் இடத்திலேயே செய்துகொள்கிறது. இரண்டு இடத்திலும் அந்த வேலையைச் செய்யும் நொதிகளே வேறு வேறு என்பது 2003இல்தான் தெரிந்தது. குடலில் பிறந்தது இரத்தத்தில் ஏறலாம், மூளைக்குள் நுழைய முடியாது.

இருந்தும் வார இதழ்களில் இதற்கு 'மகிழ்ச்சி ஹார்மோன்' என்று பட்டம். வாழைப்பழம் சாப்பிட்டால் மனச்சோர்வு போகும் என்று எழுதுகிறார்கள். வாழைப்பழத்தில் செரோட்டோனின் இருப்பது உண்மை, 1958இலேயே அளந்து பார்த்துவிட்டார்கள். சதையைவிடத் தோலில் அதிகம். ஆனால் எங்கள் ராபர்ட்சன்பேட்டை மார்க்கெட்டில் தார் தாராக வாங்கித் தின்றாலும் அதில் ஒரு துளி மூளைக்குப் போய்ச் சேராது. பழம் நல்லதுதான், மலச்சிக்கலுக்கு.

*

கண்டுபிடித்த கதை. 1930களில் இத்தாலியில் விட்டோரியோ எர்ஸ்பமெர் என்பவர் முயலின் இரைப்பைச் சவ்விலிருந்து ஒரு சாற்றை எடுத்தார். அது தசையைச் சுருங்க வைத்தது. அட்ரினலின்தான் வேறு வேஷத்தில் வந்திருக்கிறது என்று சிலர் சொன்னார்கள். அவர் விடவில்லை, என்டெரமின் என்று பெயர் வைத்து வருடக்கணக்கில் அதையே தோண்டிக்கொண்டிருந்தார். 1948இல் அமெரிக்காவின் கிளீவ்லாந்தில் மாரிஸ் ராப்போர்ட், ஆர்டா கிரீன், இர்வின் பேஜ் மூவரும், இரத்த அழுத்த ஆராய்ச்சிக்காக, மாட்டு இரத்தத்திலிருந்து குழாயை இறுக்கும் ஒரு பொருளைப் பிரித்து செரோட்டோனின் என்றார்கள். இரண்டும் ஒன்றே என்று 1952இல் உறுதியானது. மறுவருடம் பெட்டி ட்வாராக் அதை மூளையிலும் கண்டார். அதோடு உலகத்தின் கவனம் முழுக்க மேலே போய்விட்டது.

இதில் வேடிக்கை, கிளீவ்லாந்துக்காரர்கள் இரத்தத்தில் கண்டதும் குடலின் சரக்குதான். இரத்தத் தட்டுகள் குடல் வழியாகப் போகும்போது செரோட்டோனினை வாங்கிச் சுமந்துகொண்டு போகின்றன. எங்காவது காயம்பட்டால் அங்கே இறக்கிவைக்கின்றன. சரக்கு வந்த இடத்தை யாரும் கேட்கவில்லை. எங்கள் ஊரிலிருந்து நூற்றிருபது வருடத்தில் சுமார் 800 டன் தங்கம் வெளியே போயிருக்கிறது. அது எங்கே இருக்கிறது, யார் கழுத்தில் தொங்குகிறது என்று எனக்கும் தெரியாது.

*

சுரங்கம் ஓடிய காலத்தில் ஷிஃப்டுக்குச் சங்கு ஊதும். ஒரே சங்கு. அதைக் கேட்டு ஒருவர் எழுந்து, சுரங்கத்துக்குள் இறக்கும் கேஜுக்கு வரிசையில் நிற்கப் போவார். ஒரு வீட்டில் உலை ஏறும், இன்னொரு வீட்டில் புருஷன் திரும்பி வருகிற நேரம் என்று வெந்நீர் காயும். பள்ளிக்கூடத்துப் பிள்ளை பையைத் தேடும். சாராயக் கடைக்காரர் பலகையை எடுப்பார். நேரங்கெட்ட நேரத்தில் ஊதினால் தொழிலாளர் குடியிருப்பான லைன் முழுக்கத் தெருவுக்கு வந்துவிடும். இத்தனைக்கும் சங்கில் கட்டளை எதுவும் இல்லை. யார் கேட்கிறார்களோ அவர்களிடம்தான் வேலை இருந்தது. ஏற்பி என்றால் என்ன என்று எனக்கு நானே விளக்கிக்கொண்டது இந்த வழியில்தான். செரோட்டோனின் மகிழ்ச்சியும் தராது, வலியும் தராது. அது ஊதும், அவ்வளவுதான்.

1957இல் எடின்பரோவில் ஜான் காடம், பிகாரெல்லி என்ற இரண்டு பேர் கினிப்பன்றியின் சிறுகுடல் துண்டு ஒன்றை உப்புநீரில் தொங்கவிட்டுச் செரோட்டோனினைச் சொட்டினார்கள். குடல் சுருங்கியது. மார்ஃபின் சேர்த்தால் அந்தச் சுருக்கத்தில் ஒரு பங்கு நின்றது. டைபென்சிலின் என்ற வேறொரு மருந்தைச் சேர்த்தால் மற்றொரு பங்கு நின்றது. ஒரே பொருளைக் கேட்கும் காது இரண்டு, ஒன்று நரம்பிலும் ஒன்று தசையிலும் இருக்கிறது என்று முடிவு கட்டினார்கள். இன்று கணக்கு ஏழு குடும்பம், பதினான்கு வகைக்குக் குறையாது. காடம் நரம்பில் கண்டதை இப்போது மூன்றாம் எண் ஏற்பி என்கிறோம். தசையில் கண்டது இரண்டாம் எண்ணில் ஒரு பிரிவு.

மூன்றாம் எண் மட்டும் தனி ஜாதி. அது ஒரு கதவு. செரோட்டோனின் வந்து ஒட்டியதும் திறக்கும், சோடியம் உள்ளே பாயும், நரம்பு அந்தக் கணமே துடிக்கும். மற்ற எல்லாம் செல்லுக்குள் ஆள் மாற்றி ஆள் சொல்லி அனுப்பும் வகை. அதற்கு நேரம் பிடிக்கும்.

*

சாப்பிட்ட கவளம் குடலில் இறங்கியதும் சுவர் விரிகிறது. என்டெரோகுரோமாஃபின் செல்லின் மேல்தோலில் அழுத்தத்தை உணரும் ஒரு புரதம், பியெசோ-2. நம் விரல்நுனி தொடுவதை உணர்வதும் இதே புரதத்தால்தான். குடலில் இதன் வேலை 2018இல் நிரூபணமானது. அழுத்தம் பட்டதும் செல் செரோட்டோனினைக் கொட்டுகிறது. பக்கத்து நரம்புநுனி கேட்கிறது. கவளத்துக்கு மேல்பக்கம் தசை இறுகுகிறது, கீழ்ப்பக்கம் தளர்கிறது. கவளம் நகர்கிறது. நகர்ந்த இடத்தில் மறுபடியும் இதே கதை. நான்காம் எண் ஏற்பி நரம்புநுனிகளில் உட்கார்ந்து அந்தத் தள்ளலுக்குப் பலம் கூட்டுகிறது. வேலை முடிந்ததும் சுவரின் செல்களே செரோட்டோனினை உறிஞ்சி அப்புறப்படுத்திவிடுகின்றன. அப்படிச் செய்யாவிட்டால் ஊதிய சங்கு ஊதியபடியே இருக்கும். மனச்சோர்வுக்குத் தரும் மாத்திரைகளில் பல இந்த உறிஞ்சும் புரதத்தைத்தான் அடைக்கின்றன. அவற்றைத் தொடங்கிய முதல் வாரத்தில் குமட்டுவது இதனால்தான். மனதுக்கு மருந்து சாப்பிட்டால் வயிறு ஏன் புரட்டுகிறது என்று குழம்பி நிறுத்திவிடுகிறவர்களை எனக்குத் தெரியும். முதல் நாளே ஒரு வாக்கியத்தில் சொல்லியிருந்தால் அவர்கள் நிறுத்தியிருக்க மாட்டார்கள்.

மேலே இறுக்கம், கீழே தளர்ச்சி என்ற விதியை 1899இல் பேலிஸும் ஸ்டார்லிங்கும் எழுதினார்கள். 1917இல் ட்ரெண்டலென்பர்க் உடம்பிலிருந்து வெட்டி எடுத்த குடல்துண்டுக்குள் லேசாக அழுத்தம் ஏற்றிப் பார்த்தார். மூளையும் இல்லை, தண்டுவடமும் இல்லை. துண்டு தன்பாட்டுக்குத் தள்ளிக்கொண்டிருந்தது. 1950களில் ஆக்ஸ்ஃபோர்டில் எடித் புல்பிரிங் குடலுக்கு உள்ளே செரோட்டோனினை விட்டால் அந்தத் தள்ளல் வேகம் பிடிப்பதைக் காட்டினார். மைக்கேல் கெர்ஷன் ஆயுள் முழுக்க இதையே பிடித்துக்கொண்டு, 1998இல் குடலை இரண்டாவது மூளை என்று தலைப்பிட்டுப் புத்தகம் எழுதினார். இரண்டாவது என்று சொன்னதில் எனக்குச் சம்மதமில்லை. உயிரின வரலாற்றில் தலையில்லாத ஜெல்லிமீன் வகைகளுக்கும் வயிறும் நரம்பும் உண்டு. யார் முதல், யார் இரண்டாவது என்பதை எண்ணுகிறவர் எங்கே உட்கார்ந்திருக்கிறார் என்பதைப் பொறுத்தது.

*

குடலில் நடப்பதில் ஏறக்குறைய எதுவும் நமக்குத் தெரிவதில்லை. தெரியாமல் இருப்பதுதான் ஆரோக்கியம்.

1965இல் டாட்டா ஆய்வு நிறுவனத்தாரும் ஒசாகா நகர, டர்ஹாம் பல்கலைக்கழகத்தாரும் எங்கள் சாம்பியன் ரீஃப் சுரங்கத்தில் 2.3 கிலோமீட்டர் கீழே கருவி வைத்து, வளிமண்டலத்தில் உண்டாகும் நியூட்ரினோ என்ற துகளின் தடயத்தைப் பிடித்தார்கள். அதே சமயத்தில் தென்னாப்பிரிக்கத் தங்கச் சுரங்கம் ஒன்றிலும் இன்னொரு குழு பிடித்தது. அவ்வளவு கீழே போனதற்குக் காரணம் சத்தம். மேலே விண்ணிலிருந்து ஓயாமல் பொழியும் துகள்களின் இரைச்சலில் நியூட்ரினோ காதில் விழாது. நடுவே பாறை வேண்டும்.

குடலுக்கும் மூளைக்கும் நடுவிலும் அப்படி ஒரு பாறை இருக்கிறது போலும். வேகஸ் நரம்பில் போகும் இழைகளில் பெரும்பாலானவை கீழிருந்து மேலே சேதி கொண்டுபோகிறவை. ஆனால் மேலே போனதில் மிகச் சொற்பம்தான் உணர்வாகிறது. அந்தப் பாறை மெலிந்துபோனவர்களும் உண்டு. குடலில் சாதாரணமாக வாயு நகர்வதே அவர்களுக்கு வலியாகக் கேட்கும். ஸ்கேனில் ஒன்றும் இல்லை, இரத்தத்தில் ஒன்றும் இல்லை. "உங்களுக்கு ஒண்ணுமில்ல" என்று அனுப்பிவிடுவார்கள். எரிச்சல் குடல் நோய் என்று அதற்குப் பெயர் உண்டு என்பதே பலருக்குத் தெரிய வருடங்கள் ஆகும்.

*

"ஏர் பிளாஸ்ட் ஆச்சுன்னா காதுக்கு முன்னாடி வயித்துக்குத்தான் தெரியும், தம்பி." உள்ளே டிம்பர் வேலை பார்த்த ஒரு பெரியவர் சொன்னது. ஆழத்தில் பாறை தன் பாரம் தாங்காமல் வெடித்துச் சிதறுவதை ஊரில் ஏர் பிளாஸ்ட் என்பார்கள். மேலே வீட்டுச் சுவர் விரியும், அலமாரிப் பாத்திரம் உருளும். உலகத்தில் இந்த வெடிப்புகளைப் பற்றி முதலில் படிக்கத் தொடங்கிய இடங்களில் தங்கவயல் ஒன்று. தேசியப் பாறை இயக்கவியல் நிறுவனத்தை 1988இல் இங்கே வைத்ததும் அதனால்தான்.

மேலே இருப்பவர்களுக்கு உடனே எதுவும் தெரியாது. எந்த லெவல், எந்த ஷிஃப்ட், யார் யார் கீழே என்று தகவல் வரும்வரை வயிற்றில் புளியைக் கரைத்துக்கொண்டிருக்கும். அந்தக் காத்திருப்பில் பெண்கள் மாற்றி மாற்றிக் கொல்லைப்பக்கம் ஓடியதை அம்மா சிரித்தபடி சொல்லுவாள். சிரிக்க அதற்குப் பல வருடம் ஆகியிருக்க வேண்டும்.

பயத்தில் வயிறு கலங்கும் வழித்தடத்தை எலிகளில் பார்த்திருக்கிறார்கள். பயம் வந்ததும் மூளையில் அழுத்த ஹார்மோன் ஒன்று சுரந்து, நரம்பு வழியே பெருங்குடலை முடுக்குகிறது. அங்கே செரோட்டோனின் வெளியேறுகிறது. மூன்றாம் எண் ஏற்பியை முன்கூட்டியே மருந்தால் அடைத்துவிட்டால், பயந்த எலி புழுக்கை போடுவது குறைகிறது. பயம் குறைந்ததா என்பது எலிக்குத்தான் வெளிச்சம்.

*

பாரத் தங்கச் சுரங்க நிறுவனம் 2001 பிப்ரவரி 28 அன்று மூடப்பட்டது. சுரங்கம் மூடியது செய்தியானது. லைன்களின் கக்கூஸ் செய்தியாக இன்னும் பத்து வருடம் ஆனது. தண்ணீர் இணைப்பு இல்லாத உலர் கழிப்பறைகளும், அவற்றைக் கையால் அள்ளிய ஆட்களும் இந்த ஊரில் 2011 வாக்கிலும் இருந்தார்கள். சட்டம் 1993இலேயே அதைத் தடை செய்திருந்தது. நாட்டின் முதல் நீர்மின் நிலையங்களில் ஒன்றான சிவசமுத்திரத்திலிருந்து 1902இலேயே மின்சாரம் வந்து இறங்கிய ஊர் இது. சுரங்கத்துக்கு வந்தது.

மலம் கலந்த தண்ணீருக்கும் செரோட்டோனினுக்கும் என்ன சம்பந்தம் என்றால், நேரான சம்பந்தம். குடலுக்குள் நஞ்சு நுழைந்தால் முதலில் கண்டுகொள்வது அதே என்டெரோகுரோமாஃபின் செல்தான். காலரா நஞ்சு பட்டதும் அது செரோட்டோனினைக் கொட்டும். குடல்சுவர் நீரைச் சுரந்து தள்ளும். கழுவி வெளியே அனுப்புகிற வேலை இது. வாந்தியும் பேதியும் அந்த அளவில் உடம்பின் புத்தி.

தொல்லை அதற்குப் பிறகு. கனடாவில் வாக்கர்டன் என்ற சின்ன ஊரில் 2000ஆம் வருடம் மே மாதம் குடிநீரில் கிருமி கலந்து 2,000 பேருக்கும் மேல் படுத்தார்கள், ஏழு பேர் இறந்தார்கள். பிழைத்தவர்களை விடாமல் பின்தொடர்ந்தார்கள். எட்டு வருடம் கழித்தும் கணிசமான பேருக்குக் குடல் அடங்கவில்லை. இங்கிலாந்தில் நாட்டிங்ஹாமில் இப்படிப்பட்ட நோயாளிகளின் குடல்சவ்வைக் கிள்ளிப் பார்த்தபோது, கிருமி போய் வெகுநாள் ஆகியும் செரோட்டோனின் செல்கள் வழக்கத்தைவிட அதிகமாக இருந்தன. எதிரி போய்விட்டான், காவலுக்கு வைத்த ஆட்களைக் குடல் திரும்ப அழைக்கவில்லை.

வாக்கர்டனில் அது ஒரு மே மாதம். லைன்களில் ஒவ்வொரு மழைக்காலமும். இங்கே யாரும் எண்ணவில்லை. "கேஸு" என்று அந்தப் பெரியவர் சொல்லும்போது, நான் இப்போதெல்லாம் அவசரப்பட்டுச் சிரிப்பதில்லை.

*

டிரிப்டோஃபானுக்கு வேறு கடமைகளும் உண்டு. நியாசின் என்ற வைட்டமினை உடம்பு அதிலிருந்து செய்துகொள்ளும். அறுபது மில்லிகிராம் கொடுத்தால் ஒரு மில்லிகிராம் வரும், அவ்வளவு நஷ்ட வியாபாரம். செரோட்டோனினைக் கட்டுக்கடங்காமல் செய்யும் கார்சினாய்டு என்ற கட்டி சிலருக்கு வருவதுண்டு. டிரிப்டோஃபானில் பெரும்பங்கை அது விழுங்கிவிடுவதால் நியாசின் இல்லாமல் பெல்லாக்ரா வந்துவிடும். தோல் கறுத்து உரியும், பேதியாகும், புத்தி தடுமாறும். கட்டி இல்லாமலே அந்த நோய் தக்காணத்துச் சோளம் தின்னும் ஏழைகளுக்கு வந்ததை ஹைதராபாத்தில் கோபாலனும் ஸ்ரீகாந்தியாவும் 1960இல் எழுதினார்கள். சோளத்திலுள்ள லியூசின் என்ற அமினோ அமிலத்தின் மேல் அவர்களுக்குச் சந்தேகம்.

எங்கள் பக்கம் ராகி. களியும் கீரையும், காசு கிடைத்த நாளில் மாட்டுக்கறியும். கறியை இழிவாகப் பேசியவர்கள் உண்டு. சுரங்கத்துக்குள் வியர்த்துக் கொட்டிய உடம்புக்கு டிரிப்டோஃபான் வந்த நல்ல வழிகளில் அது ஒன்று.

*

இப்போது இந்த ஊரின் ஷிஃப்ட் மாரிகுப்பம் ரயில். விடியும் முன்பே கிளம்பி, உரிகம், பங்காருப்பேட்டை வழியாக ஆயிரக்கணக்கான பேர் பெங்களூருக்கு வேலைக்குப் போய் இரவில் திரும்புகிறார்கள். குடலுக்குச் சொந்தமாகக் கடிகாரம் உண்டு. பெருங்குடல் இரவில் அடங்கி, விழித்ததும் உசுப்பேறும். விழித்தவுடன் ஓடவேண்டியவர்கள் அதை அடக்குகிறார்கள். இரவு, பகல் என்று மாறி மாறி வேலை பார்க்கும் செவிலியர்களிடம் எரிச்சல் குடல் அதிகம் என்று ஆய்வுகள் சொல்கின்றன. ரயில்காரர்களை யாராவது கேட்கலாம்.

அதே ரயிலில் கீமோவுக்குப் போகிறவர்களும் இருக்கிறார்கள். சிஸ்பிளாட்டின் ஏறியதும் குடலின் செல்கள் செரோட்டோனினைக் கொட்டிவிடும். வேகஸ் நுனியிலுள்ள மூன்றாம் எண் ஏற்பி அதைக் கேட்டு மூளைத்தண்டுக்குச் சொல்லும். பிறகு நிற்காத வாந்தி. வாந்தி தாங்காமல் சிகிச்சையையே விட்டவர்கள் ஒரு காலத்தில் ஏராளம். ஒன்டான்செட்ரான் 1990 வாக்கில் வந்து அந்தக் கதவை மூடியது. இன்று எந்த மெடிக்கல் ஷாப்பிலும் சில ரூபாய்க்குக் கிடைக்கும். கடந்த ஐம்பது வருடத்தில் வந்த மருந்துகளில் நான் கும்பிடுவது என்று இருந்தால் இது அதில் ஒன்று.

மற்ற ஏற்பிகளுக்கான மருந்துகளுக்கு இவ்வளவு நல்ல சாதகம் அமையவில்லை. நான்காம் எண்ணை முடுக்கும் சிசாப்ரைடு இதயத்தின் பொட்டாசியம் வாய்க்காலையும் சேர்த்து அடைத்தது. துடிப்பு தாறுமாறாகிச் சிலர் இறந்தார்கள். அமெரிக்கச் சந்தையிலிருந்து 2000இல் அது போனது, இந்தியாவில் 2011இல்தான் தடை வந்தது. நடுவில் போன பதினொரு வருடத்துக்கு யார் பதில் சொல்வது? பேதி வகை எரிச்சல் குடலுக்காக, மூன்றாம் எண்ணை அடைக்கும் அலோசெட்ரான் 2000 பிப்ரவரியில் அமெரிக்காவில் அனுமதி பெற்றது. பெருங்குடலுக்கு இரத்தம் குறைந்து புண்ணாகிறது, கடும் மலச்சிக்கல் வருகிறது என்று நவம்பரிலேயே திரும்பப் பெற்றார்கள். அது இல்லாமல் வெளியே தலைகாட்ட முடியாத நோயாளிகள் போராடியதால் 2002இல் கட்டுப்பாடுகளோடு திரும்பி வந்தது.

வேகஸ் நுனியில் இருப்பதும் பெருங்குடல் நரம்பில் இருப்பதும் அதே மூன்றாம் எண் ஏற்பிதான். ஒன்றை அடைத்தால் மற்றதும் அடைபடும். எங்கள் தெருவில் கீமோவுக்குப் போய்வரும் அத்தை ஒருவர், வாந்தி நின்றது, ஆனால் மூன்று நாளாக வெளியே போகவில்லை என்றார். வாந்திக்குத் தந்த ஒன்டான்செட்ரான்தான் காரணம், அடுத்த முறை டாக்டரிடம் சொல்லுங்கள், அதுவரை இசப்கோலும் நிறையத் தண்ணீரும் என்றேன். மாத்திரையை நிறுத்திவிடட்டுமா என்று ஒருவேளை கேட்பார் என நினைத்தேன்.

"அதெல்லாம் வேணாம் தம்பி. அந்த வாந்திக்கு இது தேவல."